குளிர்காலத்தில் வீட்டுப் பழுதும் பழைய காரும்: முதல்முறை இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

குளிர் தொடங்கியதும் வெளிவேலை குறையும், வீட்டில் நேரம் கிடைக்கும், தள்ளிப்போட்ட பழுதுகளை முடித்துவிட்டு கராஜில் துணி போர்த்தி நிற்கும் பழைய காரையும் ஓட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் பலரும் இதில் இறங்குகிறார்கள். நானும் அப்படி இறங்கியவன். இரண்டு வேலைகளிலும் என்னை மிகவும் அலைக்கழித்தது வேலையின் கடுமை அன்று. எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் வைப்பது என்று எடுத்துச்சொல்ல ஆள் இல்லாததுதான். குளிர்காலத்தில் வெப்பமும் உலர்வும் அரிதாகக் கிடைப்பவை. அவை தேவைப்படும் வேலை எது, அவை இல்லாமலே நடக்கும் வேலை எது என்று பிரித்து வரிசைப்படுத்திவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்துள்ளன. நீர் உறையும் அளவுக்குக் குளிரும் இடத்தில், பூட்டக்கூடிய கராஜ் வைத்துக்கொண்டு, 30 ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு காரை முதல்முறை எடுத்துச் செய்பவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் காகிதங்கள்

காரின் உரிமைச் சான்றை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அருகே செல்லுங்கள். சேஸிஸில் பொறிக்கப்பட்ட எண், எஞ்சின் பிளாக்கில் உள்ள எண், ரிவெட் அடித்த அடையாளத் தகட்டின் எண் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு எழுத்தாகச் சான்றோடு ஒப்பிடுங்கள். 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள எண் அமெரிக்காவில் 1981 மாடல் ஆண்டிலிருந்துதான் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளில் எண் குறுகியதாக இருக்கும், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். எனவே எண் சிறியதாக இருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். ஓர் எழுத்து மாறியிருந்தால் கலங்கத்தான் வேண்டும். அதைத் தீர்த்துக்கொள்ளாமல் காருக்கென்று எதையும் செலவழிக்காதீர்கள்.

எண் பொறித்த இடங்களை அருகிலிருந்து, பக்கத்திலிருந்து விளக்கு அடித்து, எழுத்தின் பள்ளம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். துருவைத் தேய்க்கும்போதும் பட்டி பூசும்போதும் முதலில் மறைந்துபோவது இந்த எண்தான். எண் இருக்கும் தகடே அரித்துப்போயிருந்தால், அதை வெட்டி எடுப்பதற்கு முன்பே பதிவு அலுவலகத்திடம் எழுத்து மூலமாக அனுமதி கேட்டு வாங்குங்கள். வெட்டிய பிறகு விளக்கம் சொல்வது மிகவும் கடினம். எஞ்சினை மாற்றப்போகிறீர்கள் என்றால் புதிய எஞ்சின் எண் குறிப்பிட்ட ரசீது இல்லாமல் அதை வாங்க வேண்டாம்.

பழமை வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா 1966இல் தோன்றியது. குறைந்தது 30 ஆண்டு பழையதாகவும், வரலாற்று முறையில் சரியான நிலையில் பேணப்பட்டதாகவும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததாகவும் இருப்பதையே அது வரலாற்று வாகனம் என்று வரையறுக்கிறது. உங்கள் நாட்டின் பதிவு விதி இதிலிருந்து வேறுபடலாம். எப்படியிருந்தாலும் செய்த வேலைக்குச் சான்று கேட்கும் நாள் வரும். ஆகையால் வேலைக்கு முந்தைய படம், வேலைக்குப் பிந்தைய படம், ரசீது ஆகிய மூன்றையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் சேர்த்துவாருங்கள்.

காப்பீட்டில் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். பிரித்துப்போட்ட நிலையில் உள்ள காருக்குத் தீ, திருட்டு ஆகியவற்றுக்குக் காப்பு உண்டா என்பது ஒன்று. கராஜில் வெல்டிங் செய்தால் வீட்டுக் காப்பீடு செல்லுமா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. வீட்டில் மின்சார இணைப்பையோ எரிவாயுக் குழாயையோ மாற்ற அனுமதியும் உரிமம் பெற்ற ஆளும் தேவையா என்பதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள். காகித வேலைதான் எல்லாவற்றிலும் மெதுவாக நகரும். தொலைந்த சான்றுக்கு நகல் கேட்பதாக இருந்தால் இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பியுங்கள்.

2. செலவுக் கணக்கை மூன்றாகப் பிரியுங்கள்

உதிரிப் பாகம், வெளிப்பட்டறைக் கூலி, தேய்ந்து தீரும் பொருள் என்று மூன்று தலைப்பில் கணக்கு எழுதுங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் குறைத்து எண்ணுகிறார்கள். உப்புத்தாள், அறுக்கும் வட்டு, வெல்டிங் கம்பி, தின்னர், கையுறை, முகக்கவச வடிகட்டி என்று இவை ஒவ்வொன்றும் சிறு தொகைதான். ஆனால் குளிர்காலம் முடியும்போது கூட்டிப்பார்த்தால் ஒரு பெரிய பாகத்தின் விலை அதில் போயிருக்கும்.

பழைய காரில் பணம் அதிகம் கரையும் இடங்கள் பாடி, பெயிண்ட், குரோமிய முலாம், இருக்கை வேலை ஆகியவை. எஞ்சின் பெரும்பாலும் அவற்றுக்குப் பின்னால்தான் வரும். காரை இன்னும் வாங்கவில்லை என்றால், பார்வைக்கு மினுங்கும் ஆனால் பாகங்கள் குறைந்த வண்டியைவிட, மங்கி நின்றாலும் கைப்பிடி முதல் விளக்கு வளையம்வரை முழுமையாக உள்ள வண்டியையே தேர்ந்தெடுங்கள். துருவுக்கு மருந்து உண்டு. கிடைக்காத ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குக் காத்திருப்பதற்குக் கணக்கே இல்லை.

மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கென ஒதுக்கிவைப்பது நல்லது என்பது என் கருத்து. வீட்டுப் பழுதுக்கான பணத்தைக் காரின் கணக்கோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். நடுக்குளிரில் வெப்பமூட்டி நின்றுபோனால் அந்தத் தொகை உடனே கையில் இருந்தாக வேண்டும். முடிந்த காரை விற்றால் போட்ட பணம் திரும்பிவிடும் என்று எண்ணியும் தொடங்க வேண்டாம். பல வண்டிகளில் செலவு விற்பனை மதிப்பைத் தாண்டிவிடும்.

3. முதல் உறைபனிக்கு முன் வீடு

வீட்டுக்கு நீர் வரும் முதன்மை வால்வு எங்கே என்று கண்டுபிடித்து, அது கையால் திரும்புகிறதா என்று பாருங்கள். பல ஆண்டுகள் தொடாத வால்வு இறுகிப்போயிருக்கும். குழாய் வெடித்த இரவில் அது தெரியவருவது பெருந்துன்பம். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. அந்த விரிவைத் தாங்க முடியாமல்தான் செம்புக் குழாயும் பிளக்கிறது, காரின் எஞ்சின் பிளாக்கும் பிளக்கிறது. ஆகவே வெளிக்குழாய்களை வடித்து விடுங்கள், வெப்பமில்லாத இடங்களில் ஓடும் குழாய்களுக்கு உறை போடுங்கள், அதே நாளில் காரின் ரேடியேட்டரையும் பாருங்கள். எதில் என்ன திரவம் இருக்கிறது என்று தெரியாவிட்டால் முழுவதையும் வடித்துவிட்டு, உறைதடுப்புத் திரவமும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். எத்திலீன் கிளைகால் வகையாக இருந்தால் இந்தக் கலவை ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி செல்சியஸ்வரை உறையாது. அது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு என்பதால் வடித்ததைத் திறந்த தட்டில் வைக்காதீர்கள். நாயும் பூனையும் நக்கிவிடும்.

வெப்பமூட்டியைப் பராமரிக்க ஆளை இப்போதே அழையுங்கள், கூரை நீர்வடிகாலைத் துப்புரவு செய்யுங்கள், கதவு ஜன்னல் இடுக்குகளை அடையுங்கள். பனி படிந்த பிறகு கூரையில் ஏறாதீர்கள். படுக்கையறைக்கு அருகிலும், கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால் அந்தப் பக்கமும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்துங்கள்.

பழைய வீட்டில் சுவரைச் சுரண்டுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் வீடுகளுக்கான ஈய பெயிண்ட் 1978இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் இருக்கலாம், பழைய கார்ப் பூச்சிலும் இருக்கலாம். பழைய தரை ஓடு, குழாய்ச் சுற்று, கூரைப் பூச்சு ஆகியவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் இழை) இருக்கக்கூடும். சிறு மாதிரியைப் பாதுகாப்பாக எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே துளையிடுங்கள்.

4. கராஜைக் காயவையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச்செல்லத் தோன்றும். தாண்டாதீர்கள், காரில் செய்யும் எல்லா வேலையும் இதன்மேல்தான் நிற்கிறது.

மாலையில் ஒரு மட்கார்டைத் தேய்த்து வெள்ளி போன்ற வெற்று இரும்பாக்கி வைத்துவிட்டுச் செல்கிறீர்கள். இரவில் தகடு குளிர்கிறது. காலையில் வெப்பமூட்டியைப் போட்டதும் அறையின் காற்று முதலில் சூடாகிறது, தகடோ இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது. சூடான காற்றில் உள்ள ஈரம் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத பனியாகப் படிகிறது. மதியம் விரலால் தடவிப்பார்த்தால் மஞ்சள் தூளைப் போல மெல்லிய துரு ஒட்டிக்கொள்ளும். முந்தைய நாள் உழைப்பு அப்படியே போய்விடும்.

இதைத் தடுக்க, ஈரப்பதமானி ஒன்றை வாங்கி மாட்டுங்கள்; விலை குறைவுதான். ஈரப்பதம் 50 சதவீதத்தைச் சுற்றி இருந்தால் போதும். ஈரம் உறிஞ்சும் கருவிகளில் கம்ப்ரசர் வகை, குளிர்ந்த இடத்தில் தன் சுருளிலேயே பனி கட்டி வேலை செய்யாமல் நின்றுவிடும். வெப்பமில்லாத கராஜுக்கு உலர்பொருள் சக்கரம் கொண்ட வகையே பொருந்தும். புகைபோக்கி இல்லாத மண்ணெண்ணெய், எரிவாயு அடுப்புகளை வைத்து அறையைச் சூடாக்காதீர்கள். அவை எரியும்போது நீராவியையும் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்தே வெளிவிடுகின்றன. எண்ணெய் நிரப்பிய மின்வெப்பமூட்டி மெதுவாகச் சூடேற்றினாலும் அதுவே மேல். விட்டுவிட்டு எரிய வைப்பதைவிடக் குறைந்த அளவில் தொடர்ந்து வைப்பது தகட்டையும் காற்றோடு சேர்த்துச் சூடாக வைத்திருக்கும்.

குளிரில் பெட்ரோல் பற்றாது என்று நம்பாதீர்கள். பெட்ரோலின் ஆவி மைனஸ் 40 டிகிரி அளவிலும் தீப்பிடிக்கும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து மூலையில் உள்ள நீர்சூடாக்கியின் சுடர்வரை போகும். காரின் டேங்க்கைத் திறந்த வெளியில் வைத்து வடித்துவிட்டே கராஜில் வெப்பமூட்டியைப் போடுங்கள்.

5. வெளியே போக வேண்டியவற்றை முதலில் அனுப்புங்கள்

சிலிண்டர் போர் போடுதல், கிராங்க்ஷாஃப்ட் கிரைண்டிங், ரேடியேட்டர் சீர்செய்தல், டைனமோ சுற்றுதல், குரோமிய முலாம் ஆகியவை வீட்டில் நடக்காதவை. இவற்றுக்குக் காத்திருக்கும் காலம்தான் உங்கள் குளிர்காலத்தின் நீளத்தை முடிவுசெய்யும். வசந்தம் நெருங்க நெருங்கப் பட்டறைகளில் கூட்டம் சேரும். ஆகவே எஞ்சினை இறக்குவதும் பம்பர் முதலிய முலாம் பாகங்களைக் கழற்றுவதும் தொடக்க வாரங்களிலேயே முடியட்டும். அவை வெளியே இருக்கும்போது நீங்கள் பாடியைப் பார்க்கலாம்.

அனுப்பும் ஒவ்வொரு பாகத்தையும் எண்ணி, படம் எடுத்து, இரு பிரதியாகச் சீட்டு எழுதுங்கள். என்ன வேலை, எந்த அளவுக்கு, எவ்வளவு கூலி, எந்தத் தேதி என்பவை அதில் இருக்க வேண்டும். கையொப்பம் வாங்காமல் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். நான் கொடுத்த முலாம் பாகங்களில் ஒரு சிறு வளையம் திரும்பி வரவில்லை. சீட்டில் எண்ணிக்கை இருந்ததால்தான் பட்டறையில் மறுபடி தேடி எடுத்துத் தந்தார்கள். பிஸ்டனை வாங்கிய பிறகே போர் போடக் கொடுங்கள். கையில் உள்ள பிஸ்டனை அளந்துதான் சிலிண்டரைக் குடைய வேண்டும்.

6. பிரிப்பது

ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரியுங்கள். முன்பிரேக் முடிந்த பிறகு பின்பிரேக். இடப்பக்கத்தைப் பிரிக்கும்போது வலப்பக்கம் முழுதாக இருந்தால் அதுவே உங்களுக்கு வரைபடம்.

கதவைக் கழற்றும்போது கீலின் அடியில் பாருங்கள். மெல்லிய தகட்டுத் துண்டுகள் சில செருகியிருக்கும். மேல்கீலில் ஒன்று, கீழ்க்கீலில் இரண்டு என்று பக்கத்துக்குப் பக்கம் எண்ணிக்கை மாறும். கதவு படியும் இடைவெளியைச் சரிசெய்யத் தொழிற்சாலையில் வைத்தவை அவை. கீழே விழுந்தால் குப்பை என்று தள்ளிவிடும் அளவுக்குச் சிறியவை. அவற்றை அந்தந்தக் கீலோடு கம்பியில் கட்டி, பையில் போட்டு, "வல முன்கதவு, மேல்கீல்" என்று எழுதுங்கள். எழுத்து எண்ணெயில் அழியாதிருக்கச் சீட்டைப் பையின் உள்ளேயும் ஒன்று போடுங்கள்.

மரை எந்த வகை என்று அறிந்த பிறகே ஸ்பேனரை மாட்டுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த், பி.எஸ்.எஃப். மரைகளின் கோணம் 55 டிகிரி. யூ.என்.எஃப்., மெட்ரிக் மரைகளில் 60 டிகிரி. ஒன்றில் மற்றொன்று சிறிது தூரம் ஏறுவதுபோல் போக்குக் காட்டிப் பிறகு மரையையே தின்றுவிடும். இறுகிய நட்டுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். எஞ்சினே இறுகிப்போயிருந்தால் பிளக்குகளைக் கழற்றி சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் ஊறவிட்டு, கையால் மட்டும் இரு பக்கமும் அசையுங்கள். செல்ஃப் மோட்டாரைப் போட்டுத் திருப்பினால் ரிங்கும் பிஸ்டனும் உடையும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. சமதளத்தில் ஸ்டாண்டு வைத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகு படுங்கள். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் கல்நார் இருக்கலாம். டிரம்முக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். நீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி விதிப்படி அகற்றுங்கள்.

7. துருவும் வெல்டிங்கும்

கதவு இடைவெளிகளை அளந்து எழுதிய பிறகே பாடியில் வெட்டுங்கள். கதவுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டம் அரித்திருந்தால், கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து முட்டுக்கொடுத்து, ஒரு பக்கத்தை முடித்த பிறகே அடுத்த பக்கத்தைத் தொடுங்கள். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் கூடு நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் சாத்தாது.

வெல்டிங்கிற்கு முன் பேட்டரியையும் பெட்ரோல் டேங்க்கையும் வண்டியிலிருந்து முழுவதும் எடுத்துவிடுங்கள். காலி டேங்க் ஆபத்தில்லாதது என்று எண்ணாதீர்கள், உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயு உண்டாகும். ஆகையால் கராஜில் அந்த வகையை வைக்கவே வேண்டாம். வெல்டிங் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போகாமல், ஒரு மணி நேரமாவது அங்கேயே வேறு கைவேலை பார்த்துக்கொண்டிருங்கள்.

சிறு பாகங்களின் துருவைச் சலவைச் சோடாக் கரைசலில் மின்னோட்டம் விட்டு எடுக்கலாம். மறுமுனைக்குச் சாதாரண இரும்பையே வையுங்கள். துருப்பிடிக்காத எஃகை வைத்தால் நச்சான குரோமியச் சேர்மம் கரைசலில் சேரும். குமிழியாக வருவது ஹைட்ரஜன் என்பதால் காற்றோட்டம் வேண்டும்.

8. பிரேக், மின்சாரம், டயர்

ரப்பர் குழாய்கள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். டாட் 3, டாட் 4 பிரேக் திரவங்கள் ஈரத்தை உறிஞ்சுபவை, பெயிண்டையும் உரித்துவிடும். சிலிக்கோன் வகையான டாட் 5ஐ அவற்றோடு கலக்கக் கூடாது. மாறுவதென்றால் குழாய் முழுவதையும் வடித்துத் துப்புரவு செய்து, ரப்பர்களையும் புதுப்பித்த பிறகே மாறுங்கள்.

பேட்டரியை இணைப்பதற்கு முன் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, எர்த் (வண்டியின் உலோக உடலோடு இணைவது) எந்த முனை என்று உறுதிசெய்யுங்கள். 1960களின் நடுப்பகுதிவரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனையே எர்த். கழற்றிய பேட்டரியைக் குளிர்காலம் முழுவதும் மின்னேற்றம் குறையாமல் வையுங்கள். மின்னேற்றம் தீர்ந்த பேட்டரி எளிதில் உறைந்து வெடிப்பு விடும். டயரில் தயாரிப்பு வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாக இருக்கும். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தையது, பட்டன் (தரையில் படும் வரிமேடு) தேயாமல் இருந்தாலும் ஓட்ட உகந்ததன்று.

9. வெப்பம் வேண்டும் வேலைகளை ஒன்றாகச் சேருங்கள்

வீட்டுச் சுவருக்கான நீர்ப்பூச்சுக்குப் பொதுவாக 10 டிகிரியும், சிமென்ட் கலவைக்கு 5 டிகிரியும் குறைந்தபட்சம் வேண்டும். எபாக்ஸி பிரைமர் 15 டிகிரிக்குக் கீழே மிக மெதுவாக இறுகும். உலோகத்தில் பூசும்போது தகட்டின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். பார்க்க வேண்டியது தகட்டின் வெப்பம், அறையின் வெப்பம் அன்று. டப்பாவில் அச்சிட்டிருக்கும் எல்லையே முடிவானது.

ஆகவே வெப்பமான இரண்டு மூன்று நாள் வரும்போது வீட்டுப் பூச்சையும் காரின் பிரைமரையும் அதே நாள்களில் வைத்துக்கொள்ளுங்கள். கடுங்குளிர் நாள்களைக் கார்புரேட்டர், வயரிங், கடிகாரங்கள், வீட்டின் கதவுப்பூட்டு என்று மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலைகளுக்குக் கொடுங்கள். ஐசோசயனேட் சேர்ந்த இரட்டைக் கலவைப் பெயிண்டை வீட்டு கராஜில் அடிக்காதீர்கள். சாதாரண முகக்கவசம் அதன் ஆவியைத் தடுக்காது, அந்த ஆவி மூச்சுக்குழலை நிரந்தரமாகக் கெடுக்கும். பிரைமர்வரை வீட்டில் செய்து, மேல்பூச்சைப் பெயிண்ட் பட்டறைக்கு விடுவதையே நான் சொல்வேன். ஜன்னல் சட்டத்துக்கோ காரின் மரப்பகுதிக்கோ ஆளி எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீரில் மூழ்கவைத்து மூடிய உலோகப் பெட்டியில் போடுங்கள்.

10. முதல் இயக்கமும் பரிசோதனையும்

முதல்முறை எஞ்சினை இயக்க வண்டியைக் கராஜுக்கு வெளியே தள்ளிக்கொண்டு வாருங்கள். கதவைத் திறந்துவைப்பது போதாது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் காட்டும்வரை செல்ஃபில் சுற்றவிட்டு, அதன்பின் பிளக் மாட்டுங்கள். பழைய வகை எஞ்சினில் கேம்ஷாஃப்டும் டேப்பெட்டும் (வால்வுகளைத் திறக்கும் தண்டும் தள்ளிகளும்) புதியவை என்றால் ஐடிலில் விடாமல் நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்று வேகத்தில் 20 நிமிடம் ஓட விடுவது வழக்கம். துத்தநாகச் சேர்க்கை உள்ள எண்ணெயை அதற்குப் பயன்படுத்துங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், பெட்ரோல் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் உடன் நிற்கட்டும்.

சாலையில் உப்பு தூவும் காலம் முடிந்து நல்ல மழை ஒன்று பெய்து கழுவும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். தகுதிப் பரிசோதனைக்கு நாள் வாங்கும்போது, அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே கார் ஓடத் தயாராக இருக்கும்படி கணக்கிடுங்கள். பிரேக் கசிவும் தளரும் நட்டும் அந்த இரண்டு வாரத்தில்தான் தெரியவரும். பரிசோதனைக்குச் செல்லும்போது முதல் படியில் தொடங்கிய கோப்பை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். மாற்றிய பாகங்களின் ரசீதுகளும் எண்களின் படங்களும் மேலே இருக்கட்டும். முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, கையேடு சொல்லியிருந்தால் சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளை எஞ்சின் ஆறிய நிலையில் குறித்த முறுக்கத்துக்கு மறுபடி இறுக்கி, அந்தத் தேதியையும் கோப்பில் எழுதிவையுங்கள்.